அருவியில் தடையென்றால் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது?

குற்றாலச் சீசனுக்குப் புறப்படும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. ஊருக்குள் சாரல்தான் அடிக்கும். மலைக்கு மேலே கனமழை கொட்டினால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். முணுமுணுக்காதீர்கள். 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று பாய்ந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போய்விட்டது.

போன ஆடியில் நாங்கள் போனபோதும் மெயினருவி, ஐந்தருவி இரண்டிலும் தடை. நெய்வேலியிலிருந்து வந்திருந்த என் மைனியின் பிள்ளைகளுக்கு முகம் தொங்கிவிட்டது. கடையம் பக்கம் வரும்போது கைவிட்ட கல்குவாரி ஒன்றைப் பார்த்திருந்தார்கள்.

"அத்தை, அங்க பசங்க மேட்டுல பைக்கை ஏத்தி எறக்குறாங்க. தண்ணியும் கெடக்கு. போவோமா?" என்றான் பெரியவன்.

"சும்மா கெடல! அந்தக் குழி ஆழம் யாருக்குத் தெரியும்? எறங்குனா ஏற முடியுமா?" என்று மைனி ஒரு அதட்டுப் போட்டாள்.

மைனிக்குச் சுரங்கம் பழகிய சங்கதி. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுத்து முடித்த பள்ளத்தைத் தோண்டிய மண்ணாலேயே மூடி, மரம் நட்டுப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லுக்குள் இயந்திரத்தை இறக்கினார்களே, அந்த வீட்டுப் பெண்களிடம் போய்ப் பூங்கா பெருமை பேச முடியுமா?

சத்தீஸ்கரில் சூரஜ்பூர் மாவட்டத்துக் கேனாபாரா எனக்குப் பிடித்த கதை. கைவிட்ட நிலக்கரிக் குழியில் தண்ணீர் தேங்கி ஏரியே ஆகிவிட்டது. இப்போது அதில் படகுச் சவாரி, மிதக்கும் உணவகம். மகளிர் குழுக்கள் மீன்கூட வளர்க்கிறார்கள்!

பைக் ஆசைக்கும் வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில், பழைய நிலக்கரிக் காட்டில் 6,000 ஏக்கராவுக்கு மேல் ஒதுக்கி, 2014-ல் ஜீப்பும் மோட்டார் சைக்கிளும் ஓட்டத் திறந்துவிட்டார்கள். அங்கே இருக்கும் என் தங்கை மகன் கரிப்புழுதியோடு வீடு திரும்பியதாகப் போனில் சொன்னான். டிக்கெட் வாங்கி, ஹெல்மெட் மாட்டினால்தான் உள்ளே விடுவார்களாம்.

நம் குவாரிக்கு முதலில் ஒரு கம்பி வேலி போடட்டும். ஜீப்பும் படகும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்று பிள்ளைகளைத் தென்காசி கோயிலுக்குக் கூட்டிப் போனோம். இடிந்து பல வருஷம் மொட்டையாக நின்ற கோபுரம் அது. 1990-ல்தான் ஒன்பது நிலையோடு கும்பாபிஷேகம் கண்டது. வாசலில் அடிக்கிற காற்று இருக்கிறதே, ஆளையே தள்ளும். சின்னவள் பாவாடையைப் பிடிப்பதா, பூவைப் பிடிப்பதா என்று தவித்துச் சிரித்தாள். அங்கிருந்து நேரே பிரானூர் பார்டருக்குப் புரோட்டா சாப்பிடப் போய்விட்டோம்.