முந்தி வந்தவனுக்குப் பசி அதிகம்

பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு நந்தி மலை என்றால் விடியற்காலைப் பயணம். இருட்டோடு வண்டியைக் கிளப்பி, 60 கிலோமீட்டர் விரட்டிப் போய், 1,478 மீட்டர் உச்சியில் மேகத்துக்கு நடுவே சூரியனைப் பார்த்துவிட்டு, டிபன் நேரத்துக்கு வீடு திரும்பிவிடுவார்கள். என் பேரனும் அப்படித்தான். நான் குற்றம் சொல்வதில்லை. மேலே நல்ல குளிர்ச்சி. 1927 கோடையில் உடம்பு தேறுவதற்காகக் காந்தியே அங்கு வந்து தங்கினார். ஆனால் எனக்கு அந்த மலையைக் காட்டியவர் என்னை அதில் ஏற விடவில்லை. சுற்ற வைத்தார்.

அலசூரில் எங்கள் தெருக்கோடியில் தையற்கடை வைத்திருந்தவர் அவர். சொந்த ஊர் திருக்கோவிலூர்ப் பக்கம். தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் மாமா. ஆஷாட மாதத்தில் நந்திக்குக் கிரிவலம் போகிற கூட்டம் அவருக்கு ஒத்துவராது. அதனால் மே மாத லீவில், வெயிலோடு வெயிலாக எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

அடிவாரத்தில் போக நந்தீசுவரர் கோயிலில் தொடங்கினோம். ஆயிரம் ஆண்டைக் கடந்த கோயில். அங்கே அருணாசலேசுவரர் சந்நிதியும் உண்டு. “நம்ம ஊர் சாமி இங்கேயும் குடித்தனம் வந்திருக்கார் பாரு” என்று மாமாவுக்கு வாயெல்லாம் பல். அருணாசலேசுவரர் சிவனின் பிள்ளைப் பருவம், போக நந்தீசுவரர் வாலிபம், மலைமேல் இருக்கும் யோக நந்தீசுவரர் துறவு என்பது அந்த ஊர்க் கணக்கு. நாங்கள் அப்போது நட்டநடு வாலிபத்தில் இருந்தோம். நின்று கேட்கப் பொறுமை ஏது?

திராட்சைப் பந்தல், மல்பெரித் தோட்டம், கேழ்வரகு அறுத்த காடு என்று பாதை வளைந்து வளைந்து போகும். மாமா பத்தடிக்கு ஒருதரம் நிற்பார். பட்டுக்கூடு என்ன விலை போகிறது என்று ஒரு விவசாயியைத் தமிழும் கன்னடமும் கலந்து விசாரிப்பார். வெயிலில் வாடி வந்த எங்களைக் கண்டு ஒரு வீட்டு அம்மா “கூத்கொள்ளி”, உட்காருங்கள், என்று திண்ணையைத் துடைத்துவிட்டு, சொம்பு நிறைய மோர் கொண்டுவந்தார். குடித்தோமோ இல்லையோ, நானும் இன்னொருவனும் எழுந்துவிட்டோம். மாமாவோ அந்த வீட்டுப் பேத்தியின் கிழிந்த பாவாடையைக் கேட்டு வாங்கி, சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் ஊசிநூலை எடுத்துத் தைக்க உட்கார்ந்தார்.

அதற்கு முன்பே ஒரு வறண்ட ஓடையருகில் எங்களை நிறுத்தியிருந்தார். “இந்த மலைத் தண்ணிதான்டா எங்க ஊர்ல தென்பெண்ணையா ஓடுது” என்றார். தென்பெண்ணை, பாலாறு, வடபெண்ணை, காவிரியில் கலக்கும் அர்க்காவதி எல்லாமே இந்த மலைகளைச் சுற்றித்தான் பிறக்கின்றன என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். இங்கே அக்கம்பக்கமாக விழும் மழைத்துளிகளில் ஒன்று கடலூர்ப் பக்கம் கடலைச் சேரும், இன்னொன்று நெல்லூர்ப் பக்கம். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் புழுதியும் நாலு கூழாங்கல்லும்தான். “சரி மாமா, நடங்க” என்றேன்.

கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் ஓட்டமும் நடையுமாக முதலில் வந்து சேர்ந்தோம். எங்கே? காலையில் கிளம்பிய அதே கோயில் வாசலுக்கு! நடை சாத்தியிருந்தது. குளத்துப் படியில் உட்கார்ந்தோம். புளியோதரைத் தூக்கு மாமா கையில். அவர் நிதானமாக வந்து சேர்வதற்குள் எங்களுக்குக் கண் இருட்டிவிட்டது. வந்தவர் திட்டவில்லை. எங்களுக்குத்தான் முதலில் இலை போட்டார். “ஜெயிச்சவங்க மொதல்ல சாப்பிடுங்கடா” என்று சிரித்தார்.

பிறகு உத்தியோகத்திலும் எனக்கு முந்திக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. நான் முந்திய சந்தர்ப்பங்களும் உண்டு. ஓய்வுபெற்றபின் காலை நடையில் எல்லாரும் ஒரே பூங்காவைத்தான் சுற்றுகிறோம். யார் எந்தப் பதவியில் இருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. யாரிடம் சொல்ல நல்ல கதை இருக்கிறதோ, அவர் பக்கத்தில் இடம் பிடிக்கத்தான் போட்டி. மாமா இருந்திருந்தால் அந்த இடம் அவருக்குத்தான். வேகமாக நடப்பதில் தப்பில்லை. யாராவது திண்ணையைத் துடைத்து உட்காரச் சொன்னால் மட்டும், கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.