கே.எம். நகர்ந்தால் என்ன ஆகும்?

ஈரோடு

அன்புள்ள கயல் அம்மிணிக்கு,

அத்தை எழுதுவது. காம்பெட்டிட்டிவ் தடுப்பு என்றால் கே.எம். (என்சைம் பாதி வேகத்தில் ஓடுவதற்கு வேண்டிய மூலப்பொருளின், அதாவது சப்ஸ்ட்ரேட்டின், அளவு) கூடும், வி மேக்ஸ் (அதன் உச்ச வேகம்) மாறாது. நான்-காம்பெட்டிட்டிவ் என்றால் வி மேக்ஸ் குறையும், கே.எம். மாறாது என்று பயோகெமிஸ்ட்ரி பரீட்சைக்கு உருப்போட்டுவிட்டாய். டாக்டரான பிறகு இதை வைத்து என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறாய். கேட்டது நல்லதாய்ப் போயிற்று. எமர்ஜென்சி வார்டில் வேலை செய்பவள் சொல்கிறேன், அந்த முதல் வரியை நம்பித்தான் சிலருடைய கண்பார்வையைக் காப்பாற்றுகிறோம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் செத்துப்போனார்களே, அதையே எடுத்துக்கொள். மெத்தனால் உள்ளே போனதும் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. கல்லீரலில் இருக்கிற ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றும். அடுத்த என்சைம் அதைக் கையோடு ஃபார்மிக் அமிலமாக்கிவிடும். கண் நரம்பைக் கெடுப்பதும், ரத்தத்தை அமிலமாக்கி ஆளைச் சாய்ப்பதும் இந்த ஃபார்மிக் அமிலம்தான். அதனால்தான் குடித்தவர் பல மணி நேரம் சாதாரணமாக நடமாடுவார். பிறகு கண் மங்குகிறது, எல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது என்பார். நம்முடைய உடம்பே விஷத்தைத் தயாரிக்கிறது. அந்த முதல் என்சைமை நிறுத்தி வைத்தால் போதும், மெத்தனால் அப்படியே கிடக்கும், மெல்ல வெளியேறும்.

நிறுத்துவதற்கு எத்தனாலையே கொடுக்கலாம். அதே என்சைம், அதே ஆக்டிவ் சைட். மெத்தனாலைவிட எத்தனாலோடு அதற்குப் பல மடங்கு ஒட்டுதல் அதிகம். எத்தனால் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும்வரை மெத்தனாலால் உட்கார முடியாது. இதுதான் உன் காம்பெட்டிட்டிவ் தடுப்பு. (கள்ளச்சாராயம் குடித்தவருக்கு வீட்டிலேயே இன்னும் கொஞ்சம் ஊற்றிக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் விடாதே. ரத்தத்தில் அளவு பார்த்து ஆஸ்பத்திரியில் மட்டும் செய்வது இது.)

இப்போது சிலேட்டை எடு. மெத்தனாலின் அளவு சரியாக அதன் கே.எம். அளவுக்கு இருக்கிறது என்று வை. என்சைம் வி மேக்ஸில் பாதி வேகத்தில் ஓடும். தடுப்பானை அதன் கே.ஐ. (தடுப்பானின் ஒட்டுதலைச் சொல்லும் அளவு) போல 9 மடங்கு சேர்த்தால் கே.எம். 10 மடங்காகத் தெரியும்; வேகம் பாதியிலிருந்து 11-ல் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். அருமையான தடுப்பு. ஆனால் அந்த ஆள் 10 மடங்கு மெத்தனால் குடித்திருந்தால்? அதே அளவு தடுப்பானுக்கு வேகம் மறுபடி பாதிக்கு ஏறிவிடும். நூறு மடங்கு என்றால் 100-க்கு 91. தடுப்பான் ஒரு துளிகூடக் குறையவில்லை, அம்மிணி. எதிரில் நிற்பது கூடிவிட்டது, அவ்வளவுதான். வி மேக்ஸ் மாறாது என்று நீ உருப்போட்ட வரிக்கு இதுதான் அர்த்தம்: சப்ஸ்ட்ரேட்டைக் கொட்டினால் இந்தத் தடுப்பு தோற்கும்.

இதிலிருந்துதான் நாங்கள் செய்கிற எல்லாமே வருகிறது. எத்தனாலை ஒரு தரம் கொடுத்துவிட்டு நகர முடியாது. அதுவும் சப்ஸ்ட்ரேட்தானே, என்சைம் அதையும் தின்றுகொண்டே இருக்கும். அதனால் ரத்தத்தில் 100 மில்லிக்கு 100 முதல் 150 மில்லிகிராம் என்ற அளவு இறங்காமல் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஃபோமிபிசோல் என்ற மருந்து அதே இடத்தைப் பிடிக்கிறது, எத்தனாலைவிடப் பல ஆயிரம் மடங்கு இறுக்கமாக, போதை ஏற்றாமல். கிடைத்தால் அதுதான் மேல். அமெரிக்காவில் மெத்தனால் விஷத்துக்கு 2000-ல் அதற்கு அனுமதி கிடைத்தது. கூடவே டயாலிசிஸ். மெத்தனாலையும் ஃபார்மிக் அமிலத்தையும் அது வெளியே எடுக்கும். போட்டியில் எதிராளியையே குறைக்கிற வழி அது. ஆனால் டயாலிசிஸ் நம்முடைய மருந்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஆகவே 12 மணி நேரத்துக்கு ஒரு தரம் போடுகிற ஃபோமிபிசோலை அப்போது 4 மணி நேரத்துக்கு ஒரு தரம் போடுகிறோம். தடுப்பானுக்கும் மெத்தனாலுக்கும் உள்ள விகிதத்தை மனதில் வைத்திருக்கிற டாக்டருக்கு இதை யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

நான்-காம்பெட்டிட்டிவுக்கு நம் சென்னிமலைத் தாத்தாவின் தறிகளை நினைத்துக்கொள். பத்துத் தறியில் ஒன்பதை நிறுத்திவிட்டால், எவ்வளவு நூல் கொண்டுவந்து குவித்தாலும் ஒரு தறித் துணிதான் இறங்கும். அந்த ஒரு தறி மட்டும் எப்போதும் போல நூலைப் பிடித்து நெய்யும். அதனால்தான் கே.எம். அசைவதில்லை. அதே 9 மடங்குக் கணக்கைப் போடு: வேகம் 20-ல் ஒரு பங்கு. சப்ஸ்ட்ரேட்டைப் பத்து மடங்காக்கு, 11-ல் ஒரு பங்கு. கடலளவு ஊற்றினாலும் 10-ல் ஒரு பங்கைத் தாண்டாது.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் நெவிரபின். 2004-ல் தாம்பரம் சானடோரியம் போன்ற அரசு மையங்களில் எச்.ஐ.வி.க்கு இலவசக் கூட்டு மருந்து தொடங்கியபோது அதில் இருந்த ஒரு மருந்து. வைரஸின் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்சைமில், வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு குழியில் போய் ஒட்டும். டி.என்.ஏ. கட்டும் துண்டு எப்போதும்போல வந்து உட்காரும். ஆனால் அதை இணைக்கிற வேதிவினை நகராது. ஏ.இசட்.டி. என்ற பழைய மருந்து அந்தத் துண்டைப் போலவே வேஷம் போட்டு அதன் இடத்துக்கே போட்டியிடும். ஏறிக்கொண்டால் சங்கிலியையும் அங்கேயே முடித்துவிடும். ஒரே என்சைமுக்கு இரண்டு பக்கமும் மருந்து.

இந்த அழகில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அந்தக் குழி என்சைமின் வேலைக்கு அவசியமான இடம் இல்லை. ஆகவே வைரஸ் அதை மாற்றிக்கொண்டாலும் பெரிதாக நஷ்டப்படுவதில்லை. 103-ஆவது இடத்து லைசீன் அஸ்பராஜீனாக மாறினால் போதும், நெவிரபின், அதே குழியில் ஒட்டுகிற எஃபாவிரென்ஸ் இரண்டுமே பலமிழந்துவிடும். ஒரே ஒரு அமினோ அமிலம்! மாத்திரை தவறினால் இப்படி மாறிய வைரஸ் தலையெடுத்துவிடும். மாத்திரையை நாள் தவறாமல் போடச்சொல்லி நர்ஸ்கள் ஏன் அப்படி மன்றாடுகிறார்கள் என்று உனக்கு இப்போது தெரியும்.

பாடப்புத்தகத்தில் உள்ளதுபோல் சுத்தமான நான்-காம்பெட்டிட்டிவ் அபூர்வம். பெரும்பாலும் கே.எம். கொஞ்சம், வி மேக்ஸ் கொஞ்சம் என்று இரண்டும் நகரும். அதற்காகப் பயப்படாதே.

இன்னொன்று, இந்தக் கணக்கெல்லாம் வருகிற மைக்கேலிஸ்-மென்டன் சமன்பாட்டில் பாதி ஒரு பெண்ணுடையது. மாட் மென்டன் டொரான்டோவில் மருத்துவம் படித்தவர். பெர்லினில் மைக்கேலிஸோடு சேர்ந்து, சர்க்கரையைப் பிளக்கும் இன்வர்டேஸை வைத்து 1913-ல் கட்டுரை வெளியிட்டார். பிளந்து வந்த குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமே என்சைமைத் தடுப்பதை அந்தக் கட்டுரையிலேயே கணக்குப் போட்டிருக்கிறார்கள். வாய்ப்பாடு எழுதும்போது அவர் பெயரையும் முழுசாகச் சொல்.

வேகத்தையும் சப்ஸ்ட்ரேட்டையும் தலைகீழாக்கி (1/வேகம், 1/சப்ஸ்ட்ரேட்) வரைகிற லைன்வீவர்-பர்க் கோடுகளை இனி உருப்போடாதே. குத்து அச்சு என்பது சப்ஸ்ட்ரேட் முடிவில்லாமல் இருக்கிற இடம். காம்பெட்டிட்டிவ் கோடுகள் அங்கேதான் ஒன்றுசேரும். ஏன் என்று மேலே எழுதிவிட்டேன். நான்-காம்பெட்டிட்டிவ் கோடுகள் கிடை அச்சில் எங்கே சேரும், ஏன் அங்கே சேரும் என்று நீ வரைந்து பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
அத்தை