காற்றில் கூடும் நகரசபை

கோலாலம்பூர் செல்கிறவர்கள் இரட்டைக் கோபுரத்தையும் பத்துமலை முருகனையும் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். அந்த ஊரைப் பார்த்தால் மட்டும் போதாது. காது கொடுத்துக் கேட்கவும் வேண்டும். அதற்கு ஏற்ற இடம், பெட்டாலிங் ஜெயாவிலிருந்து தலைநகருக்குப் போகும் பெடரல் நெடுஞ்சாலை. ஏற்ற வேளை, காலை ஏழரை மணி.

எறும்புச் சாரிபோல் கார்கள் ஊர்கின்றன. ஒவ்வொரு காருக்குள்ளும் வானொலி பேசிக்கொண்டிருக்கிறது. என்னை அழைத்துச் சென்ற சிநேகிதி கேட்பது பி.எஃப்.எம். 89.9. 2008ல் தொடங்கிய தனியார் நிலையம் அது. பாட்டைவிடப் பேச்சுக்கே அங்கு மரியாதை. காலைப் பேட்டிக்கு 'பிரேக்ஃபாஸ்ட் கிரில்' என்று பெயர். காலைச் சிற்றுண்டி உண்பதை மலேசியத் தமிழர்கள் 'பசியாறுவது' என்று அழகாகச் சொல்கிறார்கள். ஊர் பசியாறும் நேரத்தில் பெரிய மனிதர்களைக் கூப்பிட்டுக் கேள்விகளால் வாட்டி எடுக்கிறார்கள்!

வானொலிப் பேச்சு மந்திரிசபையோடு நிற்பதில்லை. தேங்கும் மழைநீர், அள்ளாத குப்பை, வராத பஸ் என்று வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. 2020 செப்டம்பரில் ஆற்றில் கழிவு கலந்ததால் சுத்திகரிப்பு நிலையங்களை மூட நேர்ந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் குழாய் வறண்டது. குடமும் கையுமாக நின்ற பெண்களுக்கு அதைவிடப் பெரிய அரசியல் எது?

"இதையெல்லாம் உங்கள் கவுன்சிலரிடம் சொல்லக் கூடாதோ?" என்று கேட்டேன்.

"நாங்க ஓட்டுப் போட்டு அனுப்பின ஆளா இருந்தா சொல்லலாம்!" என்று சிரித்தாள் சிநேகிதி.

மலேசியாவில் நாடாளுமன்றத்துக்கு ஓட்டு உண்டு, சட்டமன்றத்துக்கும் உண்டு, நகரசபைக்கு மட்டும் இல்லை! முன்பு இருந்தது. 1952ல் கோலாலம்பூரில் முதல் நகரசபைத் தேர்தல் நடந்தது. பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரத்துக்கு 1957ல் முதல் மேயராக வந்தவர் டி. எஸ். இராமநாதன். 1965ல், இந்தோனேசியாவுடன் மோதல் இருந்த சமயம், உள்ளாட்சித் தேர்தல்களை நிறுத்தி வைத்தார்கள். மோதல் ஓய்ந்தது, தேர்தல் திரும்பவில்லை. 1976ம் வருஷத்துச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளியே வைத்துவிட்டது.

வழியில் ஒரு பிரம்மாண்டமான வளைவு வருகிறது. இந்தப் பக்கம் பெட்டாலிங் ஜெயா. நகரசபை அங்கத்தினர்களைச் சிலாங்கூர் மாநில அரசு நியமிக்கிறது. அந்தப் பக்கம் கோலாலம்பூர். அங்கே நியமனக் கவுன்சிலர்கூடக் கிடையாது. மத்திய அரசு நியமிக்கும் மேயரும் ஓர் ஆலோசனைக் குழுவும்தான்.

தேர்தல் திரும்பினால் இனப் பூசல் வளரும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. வரி கட்டுகிறவர்களுக்கு ஓட்டு வேண்டாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. இரு தரப்பு வாதமும் வானொலியில் ஒலிக்கிறது.

வளைவைத் தாண்டினால் அங்காசபுரி. பெயரிலேயே நம் 'ஆகாச'மும் 'புரி'யும் இருக்கின்றன, பாருங்கள்! அரசாங்க வானொலியின் இல்லம் அது, மின்னல் எஃப்.எம். அங்கிருந்துதான் தமிழ் பேசுகிறது.

சிநேகிதியின் மாமியாருக்கு மின்னல்தான் துணை. மருமகள் கேட்கும் வானொலி ஆங்கிலத்தில் பேசுகிறதே, அவருக்கு எப்படிப் புரியும்? ஆனால் அந்த அம்மாள் என்னிடம் கேட்ட கேள்விக்கு எந்த மொழியும் தடையில்லை: "ஆறு மாசத்துக்கு ஒரு தரம் வீட்டு வரி கட்டறோம்மா. சாக்கடை அடைச்சுக்கிட்டா யாரைப் போய்க் கேக்கிறது?"

வானொலி இந்தக் கேள்வியை ஊர் முழுக்கக் கேட்கச் செய்யும். பதில் சொல்லியே தீரவேண்டிய ஒருவரை அனுப்பி வைக்க ஓட்டுப் பெட்டியால்தான் முடியும்.