நான் மறந்தேன், உடம்பு மறக்கவில்லை

மகனைக் குளிப்பாட்டும்போதுதான் முதுகில் நீர்க்கொப்புளங்களைப் பார்த்தேன். "அம்மை போட்டிருக்கு" என்றார் மாமியார். எனக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

"உனக்குச் சின்ன வயசுல போட்டிருக்கா?" என்று கேட்டார். ஊரிலிருந்த அம்மாவுக்கு போன் செய்தேன். "அக்காவுக்குத்தான் போட்டுச்சு. உனக்கு இல்லையே" என்றார்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். கர்ப்பகாலத்தில் சின்னம்மை வந்தால் தாயின் நுரையீரலைத் தாக்கலாம். வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் ஆபத்து உண்டு. முடிவு வரும்வரை மகனிடம் போகக் கூடாது என்றார்.

சிறுவயதிலேயே அம்மை கண்ட மாமியார், வேப்பிலை பரப்பி அவனோடு படுத்துக்கொண்டார். இரண்டு நாள், கதவுக்கு அந்தப் பக்கம் "அம்மா..." என்று அவன் அழ, இந்தப் பக்கம் நான் அழுதேன்.

முடிவு வந்தது. சின்னம்மைக்கான ஆன்டிபாடி என் ரத்தத்தில் இருந்தது!

"உங்களுக்கு எப்போதோ லேசாக வந்து போயிருக்கும்" என்று டாக்டர் விளக்கினார். புதுக் கிருமி நுழைந்தால், வெள்ளை அணுக்களில் ஒரு பிரிவு வந்தவர் யாரென்று பார்க்காமல் உடனே எதிர்க்கும். காய்ச்சல் அதன் அறிகுறி. இன்னொரு பிரிவு அந்தக் கிருமியை அடையாளம் கண்டு, அதற்கென்றே ஆன்டிபாடி தயாரிக்கும். முதல் முறை இதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். நோய் போன பிறகும் சில நினைவு செல்கள் தங்கிவிடும். அதே கிருமி மறுபடி வந்தால், அவை மிக வேகமாக வேலையைத் தொடங்கிவிடும். நோயைத் தராமல் இந்தப் பாடத்தை மட்டும் கற்றுத் தருவதுதான் தடுப்பூசி.

பிறகு ஒரு தகவல் படித்தேன். 1846-ல் ஃபரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது, 1781-ல் அது வந்து பிழைத்திருந்த முதியவர்களில் ஒருவரைக்கூட மறுபடி தாக்கவில்லை என்று டென்மார்க் மருத்துவர் பீட்டர் பானம் பதிவு செய்திருக்கிறார். 65 ஆண்டு நினைவு!

தோழிகளே, சின்னம்மைத் தடுப்பூசியைக் கர்ப்பமாக இருக்கும்போது போட முடியாது. குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

அன்று மாலை அம்மா மறுபடி அழைத்தார். "உனக்கு ரெண்டு வயசுல முதுகுல நாலஞ்சு கொப்புளம் வந்துச்சுடி. வேர்க்குருன்னு நினைச்சு நுங்குத் தண்ணி தடவினேன்..." குரல் கம்மியது.

"அதனாலதான்மா இன்னிக்கு அவன்கூட இருக்கேன்" என்றேன். மகன் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.