கடைக்குக் கேமரா சரி, ஸ்டேஷனுக்கு?

"ராத்திரியில கடை நடத்தணும்னா கேமரா வை, இல்லன்னா மூடு." தமிழ்நாட்டில் எந்த ஊர்க் கடைத்தெருவுக்கும் இந்தப் பேச்சு புதிதில்லை. சென்னைப் போலீசார் சில ஆண்டுகளுக்கு முன் 'மூன்றாவது கண்' என்று பேர் வைத்து, கடைக்காரர்களையும் வீட்டுக்காரர்களையும் கேமரா மாட்டச் சொல்லி ஊரெல்லாம் பிரச்சாரம் செய்தார்கள். கேமராவே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அது யாரைப் பார்க்கிறது, அந்தப் படம் யார் கைக்குப் போகிறது என்பதுதான் என் கேள்வி.

எங்கள் விருத்தாசலத்தில் ராத்திரி டீக்கடைக்கு வருகிறவர்கள் யார்? செராமிக் பேட்டையில் சூளை பார்க்கிற ஆட்கள், ஜங்ஷனில் இறங்கி முதல் பஸ்சுக்குக் காத்துக் கிடக்கிற கூலிக்காரர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், விடியுமுன்னே தெரு கூட்டப் போகிற பெண்கள். அதில் பாதிக்கு மேல் நம்ம ஜனங்கள். 2019 மே மாதம் தமிழக அரசு போட்ட 24 மணி நேர ஆணை, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடைகளுக்குத்தான். ஒரு அண்ணனும் ஒரு பையனுமாக நடத்துகிற டீக்கடை அதில் சேராது. அந்தக் கடை ராத்திரியில் திறந்திருப்பது ரோந்து வருகிறவரின் தயவில்தான்.

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்துக் கெய்ன்ஸ்வில் நகரத்திலும் 1980களில் ராத்திரிக் கடைகளுக்கு விதி போட்டார்கள். கேமரா வேண்டும் என்றார்கள். கூடவே, ராத்திரியில் இரண்டு ஆள் வேலையில் இருக்க வேண்டும், வெளியிலிருந்து கல்லா தெரியும்படி ஜன்னல் மறைக்காமல் இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். தனியாக நிற்கிற வேலையாளின் உயிரை நினைத்துப் போட்ட விதி அது. நம் ஊர்ப் பேச்சில் அந்த வேலையாள் எங்கே இருக்கிறான்?

ஒருமுறை கூட்டம் முடிந்து திரும்பும்போது, ராத்திரி இரண்டு மணிக்கு வெளியூர்க் கடை ஒன்றில் டீ குடித்துக்கொண்டு நின்றோம். ரோந்து வந்தவர் பேர் கேட்கவில்லை, வேலை கேட்கவில்லை. "எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" என்றார். தெருவைக் கேட்டால் என்ன கேட்கிறார் என்று நமக்குத் தெரியாதா? தலைக்கு மேலே கேமரா இருந்தது. நாங்கள் நின்றதை அது பிடித்திருக்கும். அவர் கேட்டதைப் பிடித்திருக்காது, அதற்குக் காது கிடையாது.

1993 மார்ச்சில் விருத்தாசலத்துக்குப் பக்கத்திலுள்ள முதனை கிராமத்துக் குறவர் ராஜாகண்ணுவைத் திருட்டு வழக்கென்று கம்மாபுரம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் அடித்தே கொன்றார்கள். ஆள் தப்பி ஓடிவிட்டான் என்று எழுதி வைத்தார்கள். அந்த எழுத்துக்கு எதிராக இருந்தது அவர் மனைவி பார்வதியின் வாய்ச்சொல்தான். வழக்கறிஞர் சந்துரு வாதாட, உயர்நீதிமன்றத்தில் போலீசார் தண்டிக்கப்பட 2006 ஆனது. பதின்மூன்று வருஷம்!

அப்போது கேமரா இல்லை. 2020-ல் இருந்தது. அந்த ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்துக்கு மேல் செல்போன் கடையைத் திறந்து வைத்தார்கள் என்று சொல்லி ஜெயராஜையும் மகன் பென்னிக்சையும் பிடித்தார்கள். இருவரும் தரையில் உருண்டு புரண்டு காயம்பட்டார்கள் என்றது முதல் தகவல் அறிக்கை. பக்கத்துக் கடைக் கேமராப் படத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஸ்டேஷன் கேமராவோ, இடம் தாராளமாக இருந்தும், அன்றன்றைக்கு அழிந்துபோகும்படி வைக்கப்பட்டிருந்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டே இதை அறிக்கையில் எழுதினார். கடைக்காரன் கேமரா சாட்சி சொன்னது, சர்க்கார் கேமரா வாயை மூடிக்கொண்டது. உள்ளே நடந்ததைச் சொல்ல ரேவதி என்கிற பெண் தலைமைக் காவலர்தான் துணிந்தார்.

அதே 2020 டிசம்பர் 2-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாசல், லாக்கப், நடைபாதை எல்லாவற்றிலும் கேமரா வேண்டும். இருட்டிலும் தெரிய வேண்டும், பேச்சும் பதிய வேண்டும். பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் ஒரு வருஷமாவது. ஐந்து வருஷம் கழித்து, 2025 செப்டம்பரில், ஸ்டேஷன்களில் கேமரா ஓடாதது பற்றி அதே நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுக்க வேண்டி வந்தது.

கேமரா இல்லாத டீக்கடையை ஒரே ராத்திரியில் மூட முடிகிறது. கேமரா ஓடாத ஸ்டேஷனை யார் மூடுவது?

அதனால் தோழர்கள் இதைக் கையிலெடுக்க வேண்டும். நம் ஆள் ஒருவரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால், அந்த நேரத்துப் பதிவைப் பத்திரமாக வைக்கச் சொல்லி அன்றைக்கே எழுத்தில் மனு கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். எதிரே இருக்கிற கடைக்காரரிடமும் அன்றைக்கே பேசுங்கள். பழைய படத்தின் மேலேயே புதுப் படம் பதிந்துவிடும், நாள் தள்ளினால் சாட்சி போய்விடும். கேமரா கேட்கிறவர்களிடம் நாமும் கேட்போம்: உங்களுடையது ஓடுதா?