மனைவிக்காகக் கட்டிய மாளிகை... குடியேற அவர் இல்லை! - கனடாவின் கிரெய்க்டாரக் கோட்டை

கனடாவின் மேற்குக் கரையோரம் இருக்கிறது வான்கூவர் தீவு. அங்குள்ள விக்டோரியா நகரில், ஜோன் கிரசென்ட் என்ற தெருவில் நுழைந்தால் கூம்புக் கூரைகளும் உயரமான புகைபோக்கிகளுமாக நிற்கிறது ஒரு கல் மாளிகை. பெயர், கிரெய்க்டாரக் கோட்டை. மொத்தம் 39 அறைகள். கோபுர உச்சிக்குப் போக 87 படிகள்.

இதைக் கட்டியவர், ராபர்ட் டன்ஸ்முயிர். நிலக்கரி வியாபாரி, அரசியல்வாதி.

1825-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1851-ல் சுரங்கத் தொழிலாளியாக ஒப்பந்தத்தின்பேரில் கப்பலேறி வந்தார். வழியிலேயே மகன் ஜேம்ஸ் பிறந்தான். ஊரைவிட்டு வரத் தயங்கிய மனைவி ஜோனிடம், 'உனக்கு ஒரு கோட்டையே கட்டித் தருகிறேன்' என்று அவர் வாக்குக் கொடுத்ததாக ஒரு கதை உண்டு.

1869-ல் நனைமோ அருகே வெலிங்டனில் நிலக்கரிப் படிவத்தைக் கண்டுபிடித்தார். வாழ்க்கையே மாறியது. 1882-ல் நனைமோவிலிருந்து பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். தீவில் ரயில் பாதை போட்டதற்குக் கூலியாக 7.5 லட்சம் டாலரும், தீவின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நிலமும் அவரது குழுவுக்குக் கிடைத்தன!

கரிக்கு அடியில் கண்ணீரும் இருந்தது. 1877-ல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ராணுவம் வந்தது. கம்பெனி வீடுகளில் இருந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. சீனத் தொழிலாளர்களுக்கு வெள்ளையர்களைவிட மிகக் குறைந்த கூலிதான். 1888 ஜனவரியில் வெலிங்டன் சுரங்கம் வெடித்து 77 பேர் மாண்டார்கள். அப்போது விக்டோரியாவில் கோட்டை எழும்பிக்கொண்டிருந்தது.

1887-ல் தொடங்கிய வேலை 1890-ல்தான் முடிந்தது. கட்டடக் கலைஞர் வாரன் வில்லியம்ஸ் 1888-லேயே இறந்துவிட்டார். 1889 ஏப்ரலில் டன்ஸ்முயிரும் காலமானார். ஒருநாள்கூட அவர் அங்கே வாழவில்லை.

சொத்து முழுவதையும் மனைவி பெயருக்கே எழுதி வைத்திருந்தார். தொழில் தங்களுக்கு வரும் என்று காத்திருந்த மகன்களுக்கு அது பேரிடி. ஜேம்ஸ் பின்னாளில் மாகாண முதல்வரே ஆனார். ஆனாலும் தாயும் மகனும் சொத்துக்காக நீதிமன்றம்வரை போனார்கள். பேச்சுவார்த்தையும் நின்றுபோனது. 1908-ல் ஜோன் மறைந்தார்.

பிறகு நிலம் மனைகளாகப் பிரிக்கப்பட்டது. மனை வாங்கியவர்களுக்குள் சீட்டுக் குலுக்கி, ஒருவருக்குக் கோட்டை பரிசாகப் போனது. அவரும் அதைக் கடனில் இழந்தார். ராணுவ மருத்துவமனை, கல்லூரி, இசைப் பள்ளி என்று பல வேடங்கள் போட்ட கோட்டை, இன்று அருங்காட்சியகம்.

வான்கூவர் பக்கமிருந்து படகில் சுமார் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து பேருந்து. ஓக் மரப் படிக்கட்டும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களும் கண்ணைப் பறிக்கும். லிஃப்ட் கிடையாது, முழங்கால் வலி உள்ளவர்கள் கவனம். மேலே ஏறினால் கடலும், அக்கரையில் அமெரிக்காவின் ஒலிம்பிக் மலைகளும் தெரியும். அந்தக் காட்சியைப் பார்க்கும்போது, வெலிங்டன் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோட்டையின் ஒவ்வொரு கல்லிலும் அவர்களின் உழைப்பும் இருக்கிறது.