பெண்கள் ஆளும் சந்தை



கிளந்தான் மாநிலத் தலைநகரான கோத்தா பாருவுக்குச் செல்வோர் தவறாமல் காண வேண்டிய இடம் சித்தி கதிஜா சந்தை. நபிகள் நாயகத்தின் துணைவியார் கதிஜா அம்மையார் மக்காவில் வணிகம் செய்தவர். அவர் பெயரைத் தாங்கிய இச்சந்தையின் வணிகர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களே.

ஒரு பள்ளி விடுமுறையில் அங்குச் சென்றிருந்தேன். மேல்மாடியிலிருந்து கீழே நோக்கினால், காய்கறி, கீரை, பழக் குவியல்களின் நடுவே மேடைகளில் பெண்கள் அமர்ந்திருக்கும் காட்சி கண்ணை நிறைக்கிறது. விலை சொல்வதும், பேரத்திற்கு இசைவதும், மறுப்பதும், சில்லறை எண்ணிக் கொடுப்பதும் அவர்களே. கேட்டவுடன் மனக்கணக்காகவே தொகையைச் சொல்லிவிடுகிறார்கள். நம் ஆறாம் ஆண்டு மாணவர்கள் அருகில் நின்று கற்க வேண்டிய கணிதம் அது!

இது நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. 1939, 1940ஆம் ஆண்டுகளில் கிளந்தான் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் ரோஸ்மேரி ஃபர்த், மலாய்ப் பெண்கள் குடும்பப் பணத்தைத் தம் கையில் வைத்து ஆண்டதைப் பதிவு செய்துள்ளார். அந்நூல் 1943இல் வெளிவந்தது.

இச்சந்தையில் பல இனங்களின் பண்பாடும் கலந்து கிடக்கிறது. நாசி கெராபுச் சோற்றின் நீல நிறம், நம் வீட்டு வேலியில் படரும் சங்குப்பூவிலிருந்து வருவது. நெத்திலியை உப்பிட்டு நொதிக்க வைத்த புடு, எல்லைக்கு அப்பால் பட்டாணியிலும் உண்ணப்படுகிறது. பொன்னிற நூலைப் போன்ற 'ஜாலா மாஸ்' என்னும் முட்டை இனிப்போ போர்த்துகீசியரிடமிருந்து சயாமுக்குச் சென்று, அங்கிருந்து கிளந்தானுக்கு வந்தது. 'பாசார்' என்ற சொல்லே பாரசீகம் தந்தது. நம் தமிழின் பங்கும் உண்டு. கடை 'கெடாய்' ஆயிற்று. பெட்டி 'பெத்தி' ஆயிற்று. முதல் 'மோடால்' ஆயிற்று. மேடை அமைத்து, கொடி கட்டிக் கொண்டாடினால்தான் பல்லினப் பண்பாடு என்பதில்லை. வாங்குவதிலும் விற்பதிலும் அது நாள்தோறும் வாழ்கிறது.

இங்கே ஓர் ஆசிரியையாக என் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 'என் குடும்பம்' என்ற தலைப்பில் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி, "என் அம்மா வேலை செய்யவில்லை, வீட்டில் இருக்கிறார்" என்று எழுதியிருந்தாள். அத்தாயார் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, நாசி லெமாக் பொட்டலம் கட்டி, சாலையோரம் மேசை போட்டு விற்பவர். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எனப் பலரும் அவரிடம் வாங்கிச் செல்கின்றனர். அவ்வருமானத்தில்தான் பள்ளிப் பேருந்துக் கட்டணமும் சீருடையும் வருகின்றன. ஆயினும் மகளின் கண்ணுக்கு அது வேலையாகத் தெரியவில்லை.

அக்குழந்தையைக் குறை சொல்வதற்கில்லை. அம்மா சந்தைக்குச் சென்று காய்கறி வாங்குவதாகவே கதைகளில் படிக்கிறாள். அம்மா விற்பதாகப் படிப்பதில்லை. படிவங்களிலும் அத்தாயாரின் தொழில் 'இல்லத்தரசி' என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுகிறது. முறுக்குச் சுட்டும், இரவிக்கை தைத்தும், பூச்சரம் கட்டியும் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய்மார் நம் பள்ளிகளில் எத்தனை பேர்! கோத்தா பாருவில் அவர்களைப் போன்றோர் ஒரு கூரையின்கீழ் அமர்ந்திருப்பதால் உலகம் வியந்து படம் பிடிக்கிறது. நம் தாய்மார் தனித்தனியே அமர்ந்திருப்பதால் பெற்ற பிள்ளைக்கும் தெரிவதில்லை.

ஆகவே, சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கட்டுரைப் பயிற்சியில் 'என் தாயின் தொழில்' என்று தலைப்புக் கொடுங்கள். அம்மாவிடம் முதல் எவ்வளவு, செலவு எவ்வளவு, ஆதாயம் எவ்வளவு எனக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். மொழிப்பாடமும் கணிதமும் ஒருங்கே நடக்கும். அம்மாவைப் பற்றிச் சொல்லப் பிள்ளைக்கும் வேறொரு சொல் கிடைக்கும்.